ஒப்புக்குச் சப்பாணி

2005 ஜனவரி. சுனாமி வந்து போய் மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் நோட்டுப் புத்தகம். யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அப்போது நான் கற்றுக்குட்டி நிருபர். 'இழப்பு எவ்வளவு?' என்று கேட்டு எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். வீடு, படகு, வலை என்றால் எழுதிவிடலாம். மனுஷர்களைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவர்களிடம் எந்த வாயால் கேட்பது?

பக்கத்தில் எம்.ஜி.ஆர். திட்டு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி, நடுவே மணல் மேட்டில் ஒரு மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26 காலையில் அந்த ஊர் ஊராகவே இல்லாமல் போனது. தப்பித்தவர்கள் கிள்ளைப் பக்கம் வந்துவிட்டார்கள். அலையின் வேகத்தை பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு ஓரளவு வாங்கிக்கொண்டது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பிழைத்தன என்பதெல்லாம் பிற்பாடு உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம். திட்டு, காட்டுக்கு முன்னால் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்!

கவிழ்ந்து கிடந்த ஒரு ஃபைபர் படகின் முதுகில் பலகையைச் சாய்த்து வைத்து, சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது ஒரு கூட்டம். எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். ஒரு பையன் மட்டும் கீழே, பலகை முடியும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கால் சூம்பியிருந்தது. சறுக்கி வருகிறவர்களை எண்ணுவது அவன் வேலை. ஆனால், அவன் சொல்லும் எண்ணிக்கையை ஒருத்தரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"தம்பி ஆடலையா?" என்றேன்.

அவன் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "அவன் ஒப்புக்குச் சப்பாணிண்ணே!"

பையன் மணலை அள்ளி அவள் மேல் எறிந்தான்.

நம்மில் யார்தான் ஒப்புக்குச் சப்பாணியாக இருந்ததில்லை? அண்ணன்மார் விளையாட்டில் தம்பியைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அம்மா திட்டுவாள். சேர்த்தால் ஆட்டம் கெட்டுப்போகும். அதற்குத் தமிழ்ப் பிள்ளைகள் கண்டுபிடித்த ராஜதந்திரம்தான் அது. நீயும் ஆட்டத்தில் உண்டு. ஓடலாம், தொடலாம், கத்தலாம். ஆனால் நீ அவுட்டானாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. எந்தத் தரப்பிலும் நீ இல்லை.

இந்தச் 'சப்பாணி'யை கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கால் விளங்காதவரைக் குறிக்கிற சொல். '16 வயதினிலே' படத்துக்குப் பிறகு அது ஒரு கதாபாத்திரத்தின் பெயராகவே நமக்குள் பதிந்துவிட்டது. ஆனால் பிள்ளைத்தமிழில் 'சப்பாணிப் பருவம்' என்றே ஒன்று உண்டு. அங்கே அர்த்தமே வேறு. உட்காரத் தெரிந்த குழந்தை, இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டி விளையாடும் பருவம். முருகனுக்கும் மீனாட்சிக்கும் பாடியிருக்கிறார்கள். கைகொட்டிச் சிரிக்கிற தெய்வக் குழந்தைக்கும், ஆட்டத்தில் கணக்கில்லாத பையனுக்கும் தமிழில் ஒரே சொல்!

பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களும் விளையாட்டுதான். ஆண்பால் என்றால் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைச் சிதைப்பது, குட்டிப் பறை கொட்டுவது, பொம்மைத் தேர் இழுப்பது. பிச்சாவரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பூம்புகாரின் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டியதை பட்டினப்பாலை சொல்கிறது. ஆக, விளையாட்டை மதிக்கத் தெரியாத சமூகம் அல்ல நம்முடையது. விளையாட இடம் விட்டதா என்பது வேறு கேள்வி. எல்லாப் பிள்ளைக்கும் விட்டதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

உலகத்தில் யார் விட்டார்கள், எப்போது விட்டார்கள்? அதற்கு கொஞ்சம் வெளியூர் போய்வர வேண்டும்.

* * *

'குழந்தைகளுக்கான பொது விளையாட்டுத்திடல்' என்பது அப்படியொன்றும் பழைய சங்கதி கிடையாது. பெர்லின் நகரத்துப் பூங்காக்களில் பிள்ளைகள் விளையாட மணல் கொட்டி வைத்திருப்பதை, மேரி ஸக்ர்ஸெவ்ஸ்கா என்ற பெண் டாக்டர் பார்த்தார். (பெயரை உச்சரிக்க முயல வேண்டாம். போலந்து வம்சாவளி. பெர்லினில் பிறந்து அமெரிக்கா போய், பாஸ்டனில் பெண்களுக்காக மருத்துவமனை நடத்தியவர்.) பாஸ்டனில் இருக்கும் தோழிகளுக்கு எழுதினார். அங்கேயும் ஒரு வண்டி மணல் கொட்டினார்கள். 1880-களின் மத்தியில் நடந்த கதை. அமெரிக்காவின் விளையாட்டுத்திடல் வரலாறு அந்த மணலிலிருந்துதான் தொடங்குகிறது.

மணல்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வில்லனாக வரப்போகிறது.

மணலுக்குப் பிறகு இரும்பு வந்தது. ஊஞ்சல், சறுக்குமரம், ராட்டினம், ஏறும் கம்பி. கடலூரோ கலிஃபோர்னியாவோ, எல்லா ஊரிலும் ஒரே அச்சு. அதை வடிவமைத்தவர்களின் மனதில் ஒரு குழந்தை இருந்தது. இரண்டு காலும் ஓடும், இரண்டு கையும் பிடிக்கும், கண் தெரியும், காது கேட்கும், கூட்டத்தைக் கண்டு பயப்படாது. அந்தக் குழந்தைக்காகத்தான் அத்தனையும். மற்ற குழந்தைகள் வேலிக்கு வெளியே நின்றார்கள். இல்லை, நிற்கக்கூட முடியாதவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

இந்த அச்சை முதலில் உடைத்தவர் ஒரு டென்மார்க்காரர். சி.தி. சோரன்ஸன். தோட்டக்கலை, நிலவடிவமைப்பு நிபுணர். அழகழகாகப் பூங்கா போட்டுக் கொடுத்தவர். ஒருநாள் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. பிள்ளைகள் அவர் போட்ட பூங்காவை விட்டுவிட்டு, பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு ஓடுகிறார்கள். உடைந்த செங்கல், பலகைத் துண்டு, ஆணி... அதில்தான் அவர்களுக்கு சொர்க்கம். சரி, அதையே கொடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். 1931-லேயே இதை எழுதியும் வைத்தார்.

நிஜமானது 1943-ல். டென்மார்க் அப்போது ஹிட்லரின் படைகள் கையில். கோபன்ஹேகன் புறநகரான எம்ட்ரூப்பில், குடியிருப்பு ஒன்றுக்கு நடுவே, பழைய சாமான்களைப் போட்டு 'குப்பை விளையாட்டுத்திடல்' திறந்தார்கள். பார்த்துக்கொள்ள ஜான் பெர்டெல்சன் என்ற முன்னாள் கப்பல்காரர். பிள்ளைகளே வீடு கட்டினார்கள், பிள்ளைகளே இடித்தார்கள். நம்ம ஊர் சிற்றில் சிதைக்கும் சமாச்சாரம்தான். இங்கே சுத்தியலோடு!

1946-ல், நார்வேக்குப் போகிற வழியில் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி அங்கே எட்டிப்பார்த்தார். மார்ஜரி ஆலன். சீமாட்டி ஆலன் என்பார்கள். பட்டத்தை வைத்து, பட்டுக் கையுறை போட்டுக்கொண்டு டீ குடிக்கிற பிரபு வீட்டு அம்மா என்று நினைத்துவிட வேண்டாம். கணவர் க்ளிஃபோர்ட் ஆலன், முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனவர். இந்த அம்மா தோட்டக்கலை படித்தவர். லண்டனின் புகழ்பெற்ற செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் மொட்டை மாடியில் தோட்டம் போட்டுக் கொடுத்தவர். அநாதை விடுதிகளில் குழந்தைகள் படும் பாட்டை 1944-ல் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதமாக எழுதி, அரசாங்கம் விசாரணைக் குழு போடும்வரை விடாதவர்.

எம்ட்ரூப்பைப் பார்த்ததும் அவருக்கு லண்டன் ஞாபகம் வந்தது. ஜெர்மன் குண்டுகள் விழுந்து தெருத்தெருவாக இடிபாடு. அங்கேதான் பிள்ளைகள் திருட்டுத்தனமாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த இடங்களையே ஏன் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது? 'பிக்சர் போஸ்ட்' இதழில் படங்களோடு எழுதினார். எதிர்ப்பு இருந்தது. குழந்தைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு? பார்க்கச் சகிக்கவில்லையே? இப்படி. அவர் சளைக்கவில்லை. 1950-களில் 'சாகச விளையாட்டுத்திடல்கள்' லண்டனில் ஒவ்வொன்றாக முளைத்தன.

நம் கதைக்கு அவர் முக்கியமாவது இதற்குப் பிறகுதான். எழுபதைத் தாண்டிய வயதில், மற்றவர்கள் பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது, இந்த அம்மா ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். சாகசம் என்பது காலும் கையும் சரியாக இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தானா? உடம்புக்கு முடியாத பிள்ளைகளை, எங்கே விழுந்துவிடுவார்களோ என்று பொத்திப் பொத்தி வைக்கிறார்களே, அவர்களுக்கு மரம் ஏற ஆசை இருக்காதா? 1970-ல், லண்டன் செல்ஸியாவில், ஒரு பாதிரியார் இல்லத் தோட்டத்தில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சாகச விளையாட்டுத்திடல் திறந்தது. சக்கர நாற்காலி போகும் சரிவுப் பாதைகள், குட்டி மேடுகள், தண்ணீர், மணல். விழலாம், அழுக்காகலாம்.

அதில் ஒரு குறையும் இருந்தது. அது தனித் திடல். 'அவர்களுக்கு' என்று ஒன்று. அன்றைக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் பக்கத்து வீட்டுப் பையனோடு விளையாட வேண்டும் என்று ஆசைப்படுகிற குழந்தைக்கு, தன்னைப் போன்றவர்கள் மட்டும் உள்ள இடத்தைக் காட்டினால் ஆசை தீருமா?

* * *

அதே பிரிட்டனில், அதே 1970-களில், வேறொரு கூட்டம் வேறொன்றைப் பேச ஆரம்பித்தது. 1972-ல் பால் ஹன்ட் என்பவர் 'கார்டியன்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். தசைச் சிதைவு நோய் உள்ளவர், விடுதிகளில் அடைபட்டு வாழ்ந்து பார்த்தவர். எங்களைப் போன்றவர்கள் சங்கமாகச் சேர வேண்டும் என்று கூப்பிட்டார். சேர்ந்தார்கள். 1976-ல் அவர்கள் வைத்த வாதத்தைச் சுருக்கினால் இதுதான்: எங்கள் உடம்பில் குறை இருப்பது உண்மை. ஆனால் எங்களை முடக்கி வைத்திருப்பது அது இல்லை. நீங்கள் கட்டி வைத்திருக்கும் உலகம்.

கேட்கும்போது வறட்டுத் தத்துவம் மாதிரி இருக்கும். ஒரு படிக்கட்டின் முன்னால் சக்கர நாற்காலியை நிறுத்திப் பாருங்கள், சட்டென்று புரியும். குற்றவாளி காலா, படியா?

1990 மார்ச்சில் அமெரிக்காவில் இதை உலகத்துக்கே நடித்துக் காட்டினார்கள். இல்லை, நடிப்பில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபறியாகிக்கொண்டிருந்த நேரம். நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளுக்கு முன் கூடினார்கள். சுமார் 60 பேர் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, படிகளில் தவழ்ந்து ஏற ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜெனிஃபர் கீலன். வயது 8. மூளை முடக்குவாதம். முழங்கையை ஊன்றி, உடம்பை இழுத்து, ஒவ்வொரு படியாக உச்சிவரை போனாள். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஜூலை 26-ல் ஜனாதிபதி புஷ் (அப்பா புஷ்) கையெழுத்துப் போட்டார்.

சட்டம் வந்துவிட்டது. ஊஞ்சல் வந்ததா? இல்லை. கட்டடம், பஸ், வேலை என்று பெரியவர்கள் விஷயமெல்லாம் முதலில். விளையாட்டுத்திடலுக்கான விதிகள் இறுதி வடிவம் பெற 2000 ஆகிவிட்டது. பத்து வருடம்! எட்டு வயதில் படியேறிய ஜெனிஃபருக்கு அப்போது பதினெட்டு.

விதிகளுக்காகக் காத்திராமல் வேலையைப் பார்த்தவர் ஒரு தாய். ஏமி ஜாஃபி பார்ஸாக். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில், 1994-ல், தன் பிள்ளையோடு பூங்காவுக்குப் போயிருந்தபோது, விளையாடுகிறவர்களை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியைக் கவனித்தார். சக்கர நாற்காலி. அழுகையை அடக்கிக்கொண்டிருக்கும் முகம். பார்த்துவிட்டு வந்துவிட்டார். நாமும் அப்படித்தானே வருவோம்?

அடுத்த வருடம் அவருடைய ஒன்பது மாதக் குழந்தை ஜோனதன், முதுகுத்தண்டு தசைநார் சிதைவு நோயால் இறந்துபோனான். அவன் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அம்மாவுக்கு அந்தச் சிறுமி ஞாபகத்துக்கு வந்தாள். ஜோனதன் பிழைத்திருந்தால் அவனும் அந்த ஓரத்தில்தான் இருந்திருப்பான். 1,200 தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். 1996-ல் 'ஜோனதனின் கனவு' திறந்தது. இது தனித் திடல் இல்லை. எல்லாக் குழந்தைகளும், ஒரே இடத்தில், ஒரே சாமானில்.

அங்கிருந்து அமெரிக்கா முழுக்கப் பரவியது. 2010-ல் டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் மூடிக்கிடந்த கல்குவாரியில் ஒரு பூங்காவே எழும்பியது. வீடு கட்டி விற்கும் தொழிலில் இருந்த கோர்டன் ஹார்ட்மன், மகள் மார்கனுக்காகக் கட்டியது. ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில், பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளோடு சேர மார்கன் ஆசையாகப் போனாள். எப்படிப் பழகுவது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் ஏறிப் போய்விட்டார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் பிறந்த பூங்கா. மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு அங்கே டிக்கெட் கிடையாது. ஒப்புக்குச் சப்பாணி எல்லா நாட்டிலும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

* * *

சரி, அப்படி என்னதான் கம்பசூத்திரம் இந்தத் திடலில்?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சக்கர நாற்காலி ஏற சாய்தளம் வேண்டும். பாதுகாப்பான சரிவு 1-க்கு 12. ஓர் அடி உயரம் ஏற, பன்னிரண்டு அடி நீளம். சறுக்குமரத்தின் மேடை நான்கு அடி உயரம் என்றால், சாய்தளம் 48 அடி. நடுவில் நின்று மூச்சு வாங்க சமதளம் வேறு. இவ்வளவு இடத்துக்கு எங்கே போவது என்று இன்ஜினீயர்கள் கையை விரிப்பது இங்கேதான்.

அதற்கு மாற்று வழிகள் உண்டு. மண்மேட்டைக் குவித்து, அதன் சரிவிலேயே சறுக்கலைப் பதிப்பது. அல்லது நாற்காலி உட்காரும் உயரத்தில் ஒரு மேடை வைத்து, குழந்தை தானே அதற்கு மாறி, உட்கார்ந்தபடியே நகர்ந்து மேலே போகும்படி செய்வது. ராட்டினத்தைத் தரையோடு தரையாகப் பதித்துவிட்டால், நாற்காலி நேராக உருண்டு உள்ளே போய்விடும். ஊஞ்சலில் முதுகுச் சாய்மானமும் இடுப்புப் பட்டையும். பார்வையற்ற குழந்தைக்குத் தட்டினால் ஒலிக்கும் குழாய்கள், தடவினால் மாறும் சுவர்கள். ஆட்டிஸம் உள்ள குழந்தைக்கு சத்தத்திலிருந்து ஒதுங்க ஒரு மூலை. சட்டென்று சாலைக்கு ஓடிவிடும் குழந்தைகளுக்காக சுற்றிலும் வேலி, ஒரே வாசல். மணலில் சக்கரம் புதையும் என்பதால் தரைக்கு ரப்பர். அப்போ மணல்? சொன்னேன் இல்லையா, வில்லன் என்று? அவனைத் தூக்கி மேஜை உயரத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். அடியில் காலை நீட்டிக்கொண்டு, நாற்காலியில் இருந்தபடியே சிற்றில் கட்டலாம்.

தப்பாகச் செய்வதற்கும் உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சக்கர நாற்காலியோடு ஆடக்கூடிய ஊஞ்சல் ஒன்று வந்தது. நல்ல எண்ணம்தான். கனமான இரும்பு, மற்ற பிள்ளைகள்மேல் மோதிவிடும் என்று சுற்றிலும் வேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டும் போட்டார்கள். சாவி வாங்கி வந்து ஆட வேண்டும். ஊஞ்சல் கிடைத்தது, கூட ஆட ஆள் இல்லை!

யோசித்தால், நம்முடைய பழைய விளையாட்டுகள் சிலவற்றில் இந்தப் பிரச்னையே இல்லை. பல்லாங்குழி, தாயம், அஞ்சாங்கல் எல்லாம் உட்கார்ந்து ஆடுவது. கால் எதற்கு? கண்ணாமூச்சியில் பார்வை உள்ளவனின் கண்ணையே கட்டிவிடுகிறோம். (தாத்தா பாட்டி காலத்தில் எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. திண்ணையில் தாயம் உருட்டிய அதே காலத்தில்தான் முடமான பிள்ளையை விருந்தாளி கண்ணில் படாமல் பின்கட்டில் வைத்தார்கள்.)

* * *

சட்டத்தில் பார்த்தால் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா. 1989-ல் சொன்னது. 31-வது பிரிவு. இந்தியா 1992-ல் ஏற்றது. 2006 டிசம்பரில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, மற்ற குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்கேற்கும் வாய்ப்பு என்று தெளிவாகவே எழுதியது. அதையும் 2007-ல் ஏற்றோம். தமிழ்நாட்டில் 2010 வாக்கில், கருணாநிதி முதல்வராக இருந்தபோது, அரசுக் காகிதங்களில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. 2016-ல் நாடு முழுமைக்கும் புதிய உரிமைச் சட்டம். காகிதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

தரையில்? பெங்களூரில் சில பெற்றோர் தொடங்கினார்கள். கவிதா கிருஷ்ணமூர்த்தி முன்னின்ற அந்த அமைப்பின் பெயர் 'கிலிகிலி'. அவர்கள் எடுத்த ஒரு முடிவுதான் முக்கியமானது. புதிதாக ஒரு சிறப்புப் பூங்கா வேண்டும் என்று கேட்கவில்லை. ஏற்கெனவே எல்லோரும் போகிற மாநகராட்சிப் பூங்காவை மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். 2006-ல் ஃப்ரேஸர் டவுன் கோல்ஸ் பூங்கா மாறியது. பிறகு இன்னும் சில பூங்காக்கள். சாமான் மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. எல்லாக் குழந்தைகளையும் கூப்பிட்டு, சேர்ந்து விளையாட நிகழ்ச்சிகள் வைத்தார்கள். இல்லாவிட்டால் சான் அன்டோனியோ நீச்சல் குளம் கதைதான் ஆகும்.

சென்னைக்கு இது வர 2019 ஆனது. சாந்தோம் நெடுஞ்சாலையில் மாநகராட்சி இப்படியொரு திடலைத் திறந்தது. பெங்களூருக்கும் சென்னைக்கும் ரயிலில் ஐந்து ஆறு மணி நேரம். ஊஞ்சல் வந்து சேரப் பதின்மூன்று வருடம்.

ஆனால் சென்னைப் பிள்ளைகளின் நிஜமான விளையாட்டுத்திடல் எது? மெரினா! காசு கேட்காத, கேட் இல்லாத, எல்லா ஜாதிக்கும் எல்லா வர்க்கத்துக்கும் திறந்திருக்கிற இடம். சக்கர நாற்காலிக்கு மட்டும் மூடியிருந்தது. பூட்டு போட்டது மணல். வருடத்தில் ஓரிரு நாள் தற்காலிகப் பாதை போடுவார்கள். அன்றைக்கு மட்டும் கடல். நிரந்தரப் பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் வருடக்கணக்காகக் கேட்டு, 2022 நவம்பர் 27-ல் திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை. செலவு 1 கோடியே 14 லட்சம். வயதான பெண்கள் முதல்முறையாகக் கடலைக் கிட்டத்தில் பார்த்து அழுத படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

இரண்டு வாரம் தாங்கவில்லை. டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தபோது, கடல் ஏறி வந்து பாதையின் முனையைப் பிய்த்துப் போட்டது. வீண் செலவு என்று கேலி பேசினார்கள் சிலர். புயலில் எத்தனையோ முறை ரோடு போயிருக்கிறது. 'இனி ரோடே வேண்டாம், வீண் செலவு' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நல்லவேளை, சரிசெய்து மறுபடி திறந்தார்கள்.

* * *

கிள்ளைப் பையனை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

மறுநாளும் அந்தப் பக்கம் போனேன். சறுக்குமரம் இல்லை. பலகையை யாரோ பெரியவர் அடுப்புக்கோ கூரைக்கோ எடுத்துப் போயிருந்தார். பிள்ளைகள் வேறு ஆட்டத்துக்கு மாறியிருந்தார்கள். இரண்டாகப் பிளந்த இன்னொரு படகின் பாதியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அந்தப் பையன். கையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தின் உடைந்த வாய், வட்டமாக.

"என்னடா, படகா?"

"பஸ்ஸுண்ணே. சிதம்பரம் போவுது."

நேற்று மணலடி வாங்கிய பெண்தான் கண்டக்டர். அவள் விசில் ஊதினால்தான் பஸ் நிற்கும், அவன் நிறுத்தினால்தான் ஆள் இறங்கும். அதில் சண்டை வேறு. "டிரைவர் சீட்ட வுட்டு எறங்குனா வண்டி எப்புடிரி ஓடும்?" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான். நேற்றைய ஆட்டத்தில் கணக்கில்லாதவன், இன்றைக்கு எழுந்திருக்கவே கூடாதவன்! பிள்ளைகள் அவனுக்குப் பாவம் பார்த்தார்களா, இல்லை ஆட்டம் அப்படி அமைந்ததா, தெரியாது. படகுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர்கள் படகு விளையாட்டு விளையாடவில்லை என்பதையும், கடலுக்கு எதிர்த்திசையில் பஸ் விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும், ஊருக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்.

பிச்சாவரத்துக்கு சமீபத்தில் குடும்பத்தோடு போயிருந்தேன். சுரபுன்னைக் காடு அப்படியே இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது இருக்கும், சக்கர நாற்காலி. துடுப்புப் படகு தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து கிடக்கும் இல்லையா? இறங்கித்தான் ஏற வேண்டும். அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்குவது சாதாரணமில்லை. படகு ஆடியது. வரிசையில் நின்ற எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, முகத்தை அப்பாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

"நடுவுல உக்கார வைங்க சார், ஒண்ணும் ஆவாது" என்று படகுக்காரர் கை கொடுத்தார். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டினார்கள். நாற்காலி கரையில் நின்றுவிட்டது.

அதன் பிறகு எங்கள் படகும் அவர்கள் பின்னாலேயே போனது. அகலமான நீர்ப்பரப்பு முடிந்து, வேர்கள் இரண்டு பக்கமும் தொங்கும் குறுகலான கால்வாய்க்குள் நுழைந்தோம். அங்கே கிளைகள் தலையில் இடிக்கும். படகில் இருந்த அத்தனை பேரும் ஒரே மாதிரி குனிந்தார்கள். படகில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான். யாரால் நடக்க முடியும், யாரால் முடியாது என்று அந்தக் கால்வாய்க்குள் பின்னாலிருந்து பார்க்கிற எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் ஒரு வேரைப் பிடித்து இழுத்தாள். படகு ஒருபக்கம் திரும்பியது. தம்பி கத்தினான். அவள் மறுபடி இழுத்தாள்.

கரைக்கு வந்ததும் அப்பா குனிந்து கையை நீட்டினார். அவள் வரவில்லை. படகின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு ரவுண்டுப்பா."

"அடுத்த ஆளுங்க நிக்கிறாங்கம்மா."

"அவங்களும் ஏறட்டும். நான் இங்கயே இருக்கேன்."

படகுக்காரர் சிரித்துக்கொண்டே துடுப்பைப் படகின் மேல் வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.